‘டொக்கியூமென்ட்டாக அனுப்புங்க’ என்றவருக்கு வீடு தெரிந்தது எப்படி?

கேள்வி:

காரைதீவிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் இருந்தபடி சாறிச் சட்டை தைத்து, ஆரி வேலையும் செய்து கொடுக்கிறேன். கணவர் கட்டாரில். நானும் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும்தான் வீட்டில். தைத்து முடித்தவற்றைப் படமெடுத்து என் பேஸ்புக் பக்கத்தில் போடுவேன். எங்கேயும் விலாசம் கொடுத்ததில்லை, எல்லாம் கூரியரில்தான் போகும். போன மாதம் ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்தார். தங்கச்சியின் கல்யாணத்துக்குச் சட்டை தைக்க வேண்டும் என்றார். "படம் மங்கலா இருக்கு, நூல் வேலை தெரியல்ல, டொக்கியூமென்ட்டாக அனுப்புங்க" என்று கேட்டார். நாலைந்து படங்கள் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, செய்மதிப் படம் ஒன்றில் எங்கள் வீட்டுக் கூரைக்கு மேல் சிவப்புப் புள்ளி வைத்து அனுப்பி, "இதுதானே உங்கட வீடு? அவர் வெளிநாட்டிலயாமே" என்று எழுதியிருந்தார். கை நடுங்கிவிட்டது. உடனே பிளொக் பண்ணிவிட்டேன்.

கணவர் பக்கத்தை மூடச் சொல்கிறார். தம்பி, போனில் லொக்கேஷனை நிறுத்தினால் போதும் என்கிறான். கூட்டாளி ஒருத்தி, பேஸ்புக்தான் எல்லாருக்கும் இடத்தைக் காட்டுகிறது, இருக்கிற படங்கள் முழுவதையும் அழி என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது? இன்னொன்று, லண்டனில் இருக்கும் மச்சாள் அல்பம் அடிப்பதற்குப் பிள்ளைகளின் படங்களை ஒறிஜினலாக அனுப்பச் சொல்கிறா. அனுப்பலாமா?

பதில்:

தங்கச்சி, படங்களைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் அந்த ஆள்.

பிளொக் பண்ணியது சரி. ஆனால் அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள். பிளொக் பண்ணினாலும் பழைய செய்திகள் உங்கள் போனில் அப்படியே இருக்கும். டொக்கியூமென்ட்டாக அனுப்பச் சொல்லிக் கேட்ட இடம், நீங்கள் அனுப்பிய கோப்புகள், அந்தச் செய்மதிப் படம், கடைசிக் கேள்வி எல்லாவற்றையும் திகதி, நேரம், அவருடைய இலக்கம் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். உங்கள் போனில் மட்டும் இருந்தால் போதாது, கணவருக்கும் ஒரு பிரதி போகட்டும். வாட்ஸ்அப்பில் அவரை ரிப்போர்ட் பண்ணும்போது செய்திகளையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்கக் கூடும். அவசரத்தில் ஓம் என்று தட்டிவிடாதீர்கள்.

அடுத்தது பொலிஸ். ‘ஒன்றும் நடக்கவில்லையே, என்னவென்று போய்ச் சொல்வது?’ என்று யோசிப்பீர்கள். பிள்ளைகளோடு இருக்கும் ஒரு பெண்ணுக்கு அவள் வீட்டைக் குறித்து அனுப்பி, புருஷன் ஊரில் இல்லை என்பதும் தனக்குத் தெரியும் என்று ஒருவர் எழுதினால், அதை நான் வெருட்டல் என்றுதான் எடுப்பேன். பொலிஸ் நிலையத்தில் சிறுவர், பெண்கள் பணியகம் என்று ஒரு பிரிவு இருக்கும். அங்கே போங்கள். முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். அது அவர்கள் காட்டும் தயவு இல்லை, அரசியலமைப்பில் உள்ள உரிமை. எழுதியதை வாசித்துப் பார்த்து ஒப்பமிட்டு, முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். ஆள் வாசலுக்கே வந்தால் 119. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. இணையச் சிக்கல்களுக்கு இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101. அக்கம்பக்கத்துக்கும் சொல்லி வையுங்கள், வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. முன்வீட்டு ஆச்சிக்குத் தெரிந்திருந்தால், அறியாத மோட்டார் சைக்கிள் ஒன்று ஒழுங்கைக்குள் இரண்டாம் தரம் வருவது கஷ்டம்.

சரி, இனிப் படங்கள்.

அவர் எழுதிய அந்த வரியைத் திரும்பப் பாருங்கள். அதில் இரண்டு செய்தி இருக்கிறது. ஒன்று, உங்கள் வீடு எது என்பது. மற்றது, கணவர் வெளிநாட்டில் என்பது. முதலாவது உங்கள் படங்களுக்குள் ஒளிந்திருந்து போனது. இரண்டாவது எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை, எவரும் வாசிக்கும்படி வெளியில் கிடந்தது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் உங்களைச் சுற்றியிருக்கும் மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள்.

வீட்டை முதலில் எடுப்போம். போனில் படமெடுக்கும்போது, நீங்கள் கண்ணால் பார்க்கும் படத்தோடு சேர்த்து, அதே கோப்புக்குள் ஒரு விபரப் பட்டியலையும் கமரா எழுதி வைக்கிறது. இதற்கு எக்ஸிஃப் என்று பெயர். டிஜிட்டல் கமராக்களுக்காக 1995 இல் ஜப்பானில் வகுத்த நியமம். எந்தக் கமரா, எத்தனை மணிக்கு, பிளாஷ் அடித்ததா இல்லையா என்பது போன்ற விபரங்கள் அதில் இருக்கும். படம் எடுப்பதைத் தொழிலாகச் செய்கிறவர்களுக்கு உண்மையாகவே பயன்படும் விஷயம். கமரா போனுக்குள் வந்து, செய்மதிகளை வைத்து இடத்தைக் கணிக்கும் ஜீபிஎஸ்சும் அதே போனுக்குள் வந்த பிறகு, படமெடுத்த இடத்தின் அகலக்கோடும் நெடுங்கோடும் இடக்குறிப்பாக அந்தப் பட்டியலில் வழக்கமாக ஏறத் தொடங்கின. சில போன்கள் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், கமரா எந்தத் திசையைப் பார்த்தது என்பதைக்கூட எழுதும். நீங்கள் தைக்கும் சட்டையின் உள்பக்க லேபல் மாதிரித்தான் இது. போட்டுக்கொண்டு நிற்பவரைப் பார்த்தால் தெரியாது, கழற்றிப் புரட்டினால் தெரியும்.

எவ்வளவு துல்லியம் என்று கேட்பீர்கள். 2000 மே மாதம் வரைக்கும் பொதுமக்களுக்கான ஜீபிஎஸ் சமிக்ஞையை அமெரிக்கா வேண்டுமென்றே பிசகவைத்து அனுப்பியது. அப்போதென்றால் உங்கள் வீட்டைத் தேடுபவர் பக்கத்து ஒழுங்கைகளிலும் அலைய வேண்டியிருக்கும். இன்றைக்குத் திறந்த வெளியில் நல்ல போன் ஒன்று ஏறத்தாழ 5 மீற்றருக்குள் சொல்லிவிடும். வீட்டுக்குள் எடுத்தால் கொஞ்சம் தளம்பும். எங்கள் பக்கத்துக் கணக்கில் பாருங்கள். 10 பேர்ச் காணி என்பது கிட்டத்தட்ட 250 சதுர மீற்றர். சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 16 மீற்றர் வரும். ஒரு படம் தவறிப்போய்ப் பக்கத்து வளவைக் காட்டினாலும், அதே தையல் மேசையில் வைத்து எடுத்த நாலைந்து படங்களைச் சேர்த்துப் பார்த்தால் புள்ளிகள் உங்கள் கூரையைச் சுற்றித்தான் வந்து குவியும். நீங்கள் அனுப்பியதும் நாலைந்து. படமெடுத்த நேரங்களும் அதற்குள் இருக்கின்றன. இரவு ஒன்பது மணிக்கும் அதே இடம், காலையிலும் அதே இடம் என்றால் அது கடையா வீடா என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

இதில் அகப்படுவது கணினி தெரியாதவர்கள் மட்டுமில்லை. வைரஸ் தடுப்பு மென்பொருளால் உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய ஜோன் மெக்காஃபி, 2012 இல் பெலீஸ் நாட்டுப் பொலிஸார் ஒரு கொலை தொடர்பாக விசாரிக்கத் தேடியபோது தலைமறைவானார். கூடவே போன ‘வைஸ்’ சஞ்சிகைக்காரர்கள் டிசம்பர் 3 ஆம் திகதி அவரோடு எடுத்த படமொன்றை இணையத்தில் போட்டார்கள். ஐபோனில் எடுத்த படம், எடுத்தபடியே ஏறியிருந்தது. சிலர் கோப்பைத் திறந்து பார்த்தார்கள். ஆள் குவாத்தமாலாவில் எந்த இடத்தில் என்பது உள்ளே எழுதியிருந்தது. சில நாட்களில் அங்கேயே பிடிபட்டார். பாதுகாப்பையே விற்றுப் பிழைத்த மனிதர்.

அந்தச் சம்பவத்தில் கவனிக்க வேண்டியது ‘எடுத்தபடியே’ என்பதைத்தான். உங்கள் விஷயத்திலும் முழுப் பதில் அங்கேதான் இருக்கிறது. ஒரே படம் எந்த வழியால் போகிறது என்பதைப் பொறுத்து, உள்ளே இருக்கும் விபரம் போகும் அல்லது உதிர்ந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில், படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கித் திரும்ப எழுதும். அப்போது இடக்குறிப்பு உதிர்ந்துவிடும். அதே படத்தை டொக்கியூமென்ட்டாக அனுப்பினால் கோப்பில் கை வைக்காது, உள்ளே இருப்பதெல்லாம் சேர்ந்து போகும். டெலிகிராமிலும் இதே கதைதான்: படமாக அனுப்பினால் உதிரும், ஃபைலாக அனுப்பினால் போகும். மின்னஞ்சலில் இணைத்தால் போகும். கூகிள் டிரைவ் லிங்க் கொடுத்தால் போகும். புளூடூத், பென்டிரைவ் எல்லாம் அப்படியே. அண்ட்ரொய்ட் 10 வந்தபோது, படத்தின் இடக்குறிப்பை வாசிக்கச் செயலிகளுக்குத் தனி அனுமதி வேண்டும் என்று கூகிள் ஒரு கதவைப் போட்டது உண்மை. ஆனால் கோப்பாக அனுப்பும்போது அந்தக் கதவு மூடியிருக்குமா என்பது போனுக்குப் போன் மாறுகிறது. அதை நம்பி இருக்காதீர்கள்.

டொக்கியூமென்ட்டாகக் கேட்பவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நினைத்துவிடவும் வேண்டாம். கல்யாண அட்டை அடிக்கிறவர்களும் பதாகை அடிக்கிறவர்களும் அப்படித்தான் கேட்பார்கள், படம் கெடாமல் வேண்டும் என்பதற்காக. இந்த ஆள் வேறு விதம் என்பது அவருடைய அடுத்த செய்தியில் தெரிந்தது, அவ்வளவுதான். உங்கள் தொழிலுக்கு நூல் வேலை துல்லியமாகத் தெரிய வேண்டும் என்பதும் நியாயம். அதற்கு வாட்ஸ்அப்பிலேயே வழி இருக்கிறது. படத்தைத் தெரிவு செய்த பிறகு மேலே எச்டி என்று ஒரு பொத்தான் வரும். அதைத் தட்டி அனுப்பினால் வழக்கத்தைவிடத் தெளிவாகப் போகும், படமாகவே போவதால் இடக்குறிப்பு போகாது. இனி யாராவது டொக்கியூமென்ட் என்று கேட்டால் எச்டியில் அனுப்புங்கள். ஆரி வேலையின் ஒவ்வொரு முத்தும் தெரியும். அதற்கு மேலும் வேண்டும் என்கிறவருக்கு வேண்டியது சட்டையாக இருக்காது.

இப்போது உங்கள் கூட்டாளியிடம் வருவோம். பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் ஒருவர் உங்கள் படத்தை இறக்கிப் பார்த்தால் அதற்குள் இடக்குறிப்பு இருக்காது. ஏற்றும்போதே அவர்கள் கழற்றிவிடுவார்கள். கழற்றியதை அந்தக் கம்பனி தன்னிடம் வைத்துக்கொள்ளலாம் என்பது வேறு விஷயம். விளம்பரத்துக்காக அவர்கள் சேர்ப்பதைப் பற்றி எனக்கும் நிறையச் சொல்ல இருக்கிறது, ஆனால் அது உங்கள் ஒழுங்கைக்குள் மோட்டார் சைக்கிளில் வராது. ஆகவே பக்கத்தில் இருக்கும் படங்களை இதற்காக அழிக்க வேண்டாம். அத்தனை நாள் உழைப்பு அது. பொருள் விற்கும் விளம்பரத் தளங்களும் சொந்த வலைத்தளங்களும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம், அங்கே போடுவதென்றால் சுத்தம் செய்துவிட்டுப் போடுங்கள்.

கூட்டாளி சொல்லாத ஒன்றைப் பார்க்கச் சொல்வேன். வாட்ஸ்அப் பிசினஸ் வைத்திருக்கிறீர்களா? அதன் சுயவிபரப் பகுதியில் விலாசமும் வரைபடப் புள்ளியும் போட ஒரு இடம் இருக்கிறது. பேஸ்புக் பக்கத்தின் அறிமுகப் பகுதியிலும் இருக்கிறது. கூகிள் மெப்ஸில் தொழிலைப் பதிந்திருந்தால் அங்கேயும். முதல்நாள் ஆர்வத்தில் நிரப்பிவிட்டு மறந்துபோனவர்கள் ஏராளம். எங்கேயும் விலாசம் கொடுத்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், இருந்தாலும் மூன்றையும் திறந்து பாருங்கள்.

தம்பி சொன்னது பாதி சரி. இடத்தை நிறுத்தினால் இனி எடுக்கும் படங்களில் ஏறாது, ஏற்கெனவே எடுத்தவற்றில் இருப்பது இருக்கும். அதோடு போனில் லொக்கேஷன் முழுவதையும் நிறுத்த வேண்டியதில்லை. போன் தொலைந்தால் தேட அது வேண்டும், ஓட்டோ கூப்பிட வேண்டும், வழி பார்க்க வேண்டும். கமராவுக்கு மட்டும் நிறுத்துங்கள். சாம்சங் என்றால் கமராவைத் திறந்து, பல்சக்கரப் படத்தைத் தட்டி, லொக்கேஷன் டேக்ஸ் என்று இருப்பதை அணையுங்கள். மற்ற அண்ட்ரொய்ட் போன்களிலும் கமரா செட்டிங்ஸுக்குள் சேவ் லொக்கேஷன் என்றோ ஜியோ டேக் என்றோ இருக்கும். ஐபோனில் செட்டிங்ஸுக்குப் போய், பிரைவசி, லொக்கேஷன் சேர்விசஸ், கமரா என்று இறங்கி நெவர் என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். அம்மாவின் போனிலும் செய்துவிடுங்கள். பிள்ளைகளைக் கூடுதலாகப் படமெடுப்பது அவவாகத்தான் இருப்பா.

பழைய படத்தில் இடக்குறிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். போனில் படத்தைத் திறந்து விரலால் மேலே தள்ளுங்கள். கீழே சின்ன வரைபடம் வந்தால் இருக்கிறது. ஐபோனில் படத்துக்குக் கீழே உள்ள வட்டத்துக்குள் ஐ என்ற எழுத்தைத் தட்டலாம். விண்டோஸ் கணினியில் படத்தின் மேல் வலது சொடுக்கு, பிறகு புரொப்பட்டீஸ், டீட்டெயில்ஸ். அங்கே ஜீபிஎஸ் என்ற தலைப்பில் எண்கள் நின்றால் அதுதான். காரைதீவில் எடுத்ததென்றால் 7 பாகை, 81 பாகை என்று தொடங்கும்.

அழிப்பதற்குச் சாம்சங் கலரியில் அதே இடத்தில் எடிட் என்று இருக்கும், அதைத் தட்டி இடத்துக்குப் பக்கத்திலுள்ள கழித்தல் குறியை அமத்துங்கள். ஐபோனில் படத்தைப் பகிரப் போகும்போது மேலே ஒப்ஷன்ஸ் என்று சின்னதாக ஒன்று வரும். அதற்குள் லொக்கேஷனை அணைத்துவிட்டு அனுப்பினால் போகிற பிரதியில் இருக்காது. கணினியில், முன்பு சொன்ன டீட்டெயில்ஸ் பகுதியின் அடியிலேயே தனிப்பட்ட விபரங்களை நீக்கச் சொல்லும் ஒரு வரி இருக்கிறது, அதைத் தட்டினால் சுத்தமான பிரதி ஒன்றை உருவாக்கித் தரும். ஆயிரக்கணக்கில் இருந்தால் தம்பியிடம் எக்ஸிஃப்டூல் என்று சொல்லுங்கள், இலவச மென்பொருள். கொஞ்சம் தட்டச்சு செய்ய வேண்டும், ஆனால் ஒரு கோப்புறை முழுவதையும் ஒரே கட்டளையில் துடைத்துவிடும். எந்த வழியால் அழித்தாலும், அழித்த பிரதியைத் திரும்பத் திறந்து ஒருதரம் பாருங்கள். செயலியின் திரையில் மறைந்துவிட்டது என்பதற்காகக் கோப்புக்குள்ளும் போய்விட்டது என்றாகாது.

படத்தின் இடக்குறிப்பை இலவசமாக நீக்கித் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் வலைத்தளங்கள் இருக்கின்றன. யாரென்று தெரியாதவரிடம் வீட்டைச் சொல்லக் கூடாது என்பதற்காக, யாரென்று தெரியாத தளத்துக்கு வீட்டுக் குறிப்போடு படத்தை ஏற்றுவது! வேண்டாம். அவசரத்துக்கு ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்புவது அதைவிட மேல். தெளிவு குறையும், ஆனால் மூலப் படத்தின் இடக்குறிப்பு அதில் வராது. அப்புறம், வீடியோவிலும் இதெல்லாம் உண்டு. சட்டையைத் திருப்பித் திருப்பிக் காட்டி எடுக்கும் அந்தப் பத்து நொடி வீடியோக்களையும் கணக்கில் எடுங்கள்.

அவருக்கு ஏற்கெனவே போனவற்றைத் திருப்பி எடுக்க முடியாது. எல்லாருக்கும் அழி என்பதைத் தட்டினாலும், அவர் இறக்கி வைத்த பிரதி அவரிடம் இருக்கும். அதோடு அது உங்களுக்கும் சாட்சி. ஆகவே தொட வேண்டாம்.

இனி அந்த வரியின் இரண்டாம் பாதி. எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

கணவர் வெளிநாட்டில் என்று எந்தக் கமராவும் எழுதி வைக்கவில்லை. அது உங்கள் பக்கத்திலேயே எங்கோ இருக்கிறது. உங்களோடு பந்தயம் கட்டலாம்: நீங்கள் போட்ட ஏதோ ஒரு சட்டைக்குக் கீழே அவர் டோஹாவிலிருந்து ஒரு இதயத்தைப் போட்டிருப்பார், அவருடைய சுயவிபரத்தில் கட்டார் என்று இருக்கும். இல்லாவிட்டால் மச்சாள் யாராவது ‘அண்ணா எப்ப வாறார்?’ என்று கேட்டு, நீங்கள் ‘சித்திரைக்கு’ என்று பதில் எழுதியிருப்பீர்கள். அந்தப் பதிலில் இத்தனையாம் திகதி வரைக்கும் வீட்டில் ஆண் துணை இல்லை என்பதும் சேர்ந்தே இருக்கிறது. தொழில் பக்கத்தில் குடும்பக் கதை வேண்டாம். அந்தக் கருத்துகளைத் தேடி நீக்குங்கள், அவரையும் மச்சாளையும் தனிப்பட்ட கணக்கில் பேசச் சொல்லுங்கள்.

பிறகு படத்தின் பின்னணி. மறைந்திருக்கும் எண்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம், ஆனால் அந்த எண்கள் தேவைப்படுவது கொழும்பிலிருந்தோ வேறு ஊரிலிருந்தோ தேடுகிறவருக்குத்தான். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரையான இந்தக் கரையோரத்தில் ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. இங்கே வளர்ந்தவருக்கு ஜன்னலுக்கு வெளியே தெரியும் கோயில் கோபுரத்தின் ஒரு மூலை போதும். கடைப் பெயர்ப்பலகையில் பாதி, மதிலின் நிறம், கேற்றில் போட்ட பூ வேலை, திண்ணையில் நிற்கும் ஸ்கூட்டியின் இலக்கத் தகடு, இவை போதும். பிள்ளை பாடசாலைச் சீருடையில் பின்னால் ஓடினால், சட்டையில் குத்தியிருக்கும் பட்ஜில் பாடசாலையின் பெயர் இருக்கும். கூரியர் பொதியைப் படமெடுத்து ‘இன்றைக்கு அனுப்பியவை’ என்று போடுவார்கள், ஒட்டியிருக்கும் சீட்டில் அனுப்புநர் விலாசமும் பெறுநர் விலாசமும் தொலைபேசி இலக்கங்களும் பளிச்சென்று தெரியும். தன்னுடையதை மட்டுமில்லை, வாடிக்கையாளரின் விலாசத்தையும் சேர்த்து ஊருக்குக் கொடுக்கிற வேலை அது. சட்டை போட்டுப் பார்க்க வைத்திருக்கும் நிலைக்கண்ணாடியையும் மறக்காதீர்கள். கமராவுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் அதில் விழும்.

வெட்டிவிட்டால் போதும் என்றும் சொல்ல மாட்டேன். சில கோப்புகளில் படத்தின் சிறு பிரதி ஒன்று எக்ஸிஃப் பட்டியலுக்குள்ளேயே இருக்கும். சில மென்பொருள்கள் பெரிய படத்தை வெட்டிவிட்டு அந்தச் சின்னதை வெட்டாமல் விட்டுவிடுவதுண்டு.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். வீட்டில் ஒரு மூலையைத் தெரிவு செய்து, சுவருக்கு ஒரே நிறத் துணி ஒன்றைக் கட்டுங்கள். துணிக்கு உங்கள் வீட்டில் பஞ்சமிருக்காது. எல்லாச் சட்டையும் அதற்கு முன்னால்தான். பக்கமும் பார்க்க ஒரே சீராக வரும், வாடிக்கையாளருக்கும் பிடிக்கும். இருக்கிற படங்களை ஓய்வாக ஒருநாள் இருந்து பாருங்கள், பின்னணியில் வீடு தெரிபவற்றை மட்டும் நீக்குங்கள். மச்சாள் ஒருத்தியையோ வீட்டுக்கு வந்திராத சிநேகிதி ஒருத்தியையோ கூப்பிட்டு, ‘இந்தப் பக்கத்தை மட்டும் பார்த்து என் வீட்டைக் கண்டுபிடி’ என்று கேட்டும் பார்க்கலாம். உங்கள் கண்ணுக்குப் பழகிப்போனதெல்லாம் அவளுக்கு உடனே தெரியும். கூரியர்க்காரரை வீட்டுக்கு வரச் சொல்லாமல், முடிந்தால் அவர்களுடைய கிளையிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள். அனுப்புநர் பகுதியில் வீட்டு விலாசத்துக்குப் பதிலாக வேறு எதை எழுதலாம் என்று அங்கேயே கேளுங்கள். பொதி திரும்பி வந்தாலும் கிளைக்கே வரட்டும்.

கோயில் குளம் போகும் படங்களைப் போட வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்தியில் நின்று எடுத்த படமோ, ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்தில் எடுத்த படமோ, அதற்குள் இடக்குறிப்பு இருந்தாலும் ஒரு குடியும் முழுகிவிடாது. கோயில் எங்கே என்பது எல்லாருக்கும் தெரியும். கல்லடிப் பாலத்தில் எடுத்ததும் அப்படித்தான். ஆனால் தீர்த்தம் முடிவதற்குள் அங்கே நின்றபடியே போடாமல், வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். வீடு பூட்டியிருக்கிற நேரத்தை அறிவிக்கத் தேவையில்லை.

பக்கத்தை மூடச் சொல்லும் கணவருக்கும் ஒரு வார்த்தை. தம்பி, தூரத்தில் இருந்துகொண்டு இப்படி ஒரு செய்தியைக் கேட்டால் எனக்கும் அப்படித்தான் வந்திருக்கும். ஆனால் பக்கத்தை மூடினால் அந்த ஆளுக்குத் தெரிந்த வீடு தெரியாமல் போகப் போவதில்லை. இவ கையால் உழைத்துச் சேர்த்த வாடிக்கையாளர்கள்தான் போவார்கள். நீங்கள் செய்யக் கூடியது வேறு. அந்த ஸ்கிரீன்ஷொட்களைப் பத்திரமாக வையுங்கள். பொலிஸுக்குப் போக உங்கள் அண்ணனையோ தம்பியையோ கூட அனுப்புங்கள். வாசலில் ஒரு விளக்கும், முடிந்தால் ஒரு கமராவும் பூட்டுவதற்குக் காசு அனுப்புங்கள். அந்தக் கமராவின் கடவுச்சொல்லைக் கடைக்காரர் போட்டபடியே விடாமல் மாற்றச் சொல்லுங்கள். அந்த இலக்கத்துக்கு அங்கிருந்து நீங்கள் அழைத்து ஏசாதீர்கள். கோபம் தீரும், ஆனால் அவருக்கு உங்கள் இலக்கமும் கிடைக்கும், முறைப்பாட்டில் உங்கள் பக்கம் பழுதாகவும் கூடும்.

லண்டன் மச்சாள் கேட்ட படங்களைத் தாராளமாக அனுப்புங்கள், டொக்கியூமென்ட்டாகவே அனுப்புங்கள். அல்பம் அடிக்க அதுதான் நல்லது. அவவுக்கு உங்கள் வீடு தெரியும்தானே. அச்சடிக்கக் கொடுக்கும் கடைக்கு மட்டும், இடக்குறிப்பை நீக்கிவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.